நூற்று ஐம்பத்திரண்டாயிரத்து நூற்று எண்பத்து நான்கு

நவம்பர் 16 நெருங்கினாலே எங்கள் ஊரில் ஓர் எண் புழங்கத் தொடங்கிவிடும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எந்த மண்டபத்துக்குப் போனாலும், மேடையில் யார் பேசினாலும், அது வராமல் இருக்காது. 1,52,184.

சென்னையில் கிளம்பிய ட்ரூரோ என்ற கப்பல் 1860 நவம்பர் 16 அன்று 342 பேரோடு இங்கே வந்து சேர்ந்தது. கடைசிக் கப்பலான உம்லாசி வந்தது 1911இல். இந்த இரண்டுக்கும் நடுவே, ஐந்து வருட ஒப்பந்தத்தில் கரும்புத் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் ரயில்வேக்கும் என்று டர்பன் இருக்கும் நேட்டால் என்ற பிரிட்டிஷ் காலனிக்கு வந்து இறங்கியவர்கள் அத்தனை பேர். சொந்தக் காசில் வந்த வியாபாரிகள் இந்தக் கணக்கில் சேரமாட்டார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள், தமிழரும் தெலுங்கரும். மற்றவர்கள் கல்கத்தாவில் ஏறியவர்கள்.

சிறுமியாக இருந்த காலத்திலிருந்து இந்த எண்ணைக் கேட்டு வருகிறேன். டர்பனின் சாட்ஸ்வர்த்தில் 33 வருடம் கணக்கு டீச்சராக வேலை பார்த்தவள் நான். பிள்ளைகளுக்கு எத்தனையோ எண்களைப் பிரித்துக் காட்டியிருக்கிறேன். ஆனால் எங்களை எண்ணிய எண்ணை ஒருநாளும் பிரித்துப் பார்த்ததில்லை. அதைச் செய்ய வைத்தவள் என் பேத்தி.

2022 நவம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை. மண்டபத்தில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பேச்சாளர் எண்ணைச் சொன்னதும் பக்கத்தில் இருந்தவள் என் காதருகே வந்தாள். அப்போது அவளுக்குப் பதினாலு வயது.

"ஆயா, அது பிரைம் நம்பரா?" பகா எண்ணா என்று கேட்கிறாள்: ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண்.

"நாலுல முடியுது பாரு. ரெண்டால வகுபடுமே."

"சரி, அப்போ அதுக்குள்ள என்னதான் இருக்கு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்றேன்.

அன்று ராத்திரி லோட் ஷெடிங், முறை வைத்துக் கரண்டை நிறுத்துவது. கேஸ் அடுப்பில் டீ போட்டு, மேசையில் மெழுகுவத்தி ஏற்றி, பழைய பில் உறை ஒன்றின் பின்புறத்தில் எண்ணை எழுதினோம். முதலில் எப்படி எழுதுவது என்பதிலேயே ஒரு பேச்சு ஓடியது. அவள் பள்ளிக்கூட வழக்கப்படி 152 184 என்று நடுவில் இடம் விட்டு எழுதினாள். என் அப்பா சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தவர்; அவர் லட்சம் என்று சொல்லமாட்டார், நூறாயிரம் என்பார். அவர் காட்டிய பழைய தமிழ் எண் வடிவத்தில் அவளுக்கு எழுதிக் காட்டினேன்: ௱௫௰௨௲௱௮௰௪. நூறு, ஐந்து பத்து, இரண்டு, இவை ஆயிரம். அப்புறம் நூறு, எட்டுப் பத்து, நான்கு. இந்த முறையில் பூஜ்யம் வேண்டியதில்லை. பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனிக் குறி இருக்கிறது. வாயால் எப்படிச் சொல்கிறோமோ அப்படியே கை எழுதுகிறது. அவள் அதை இரண்டு தடவை எழுதிப் பார்த்துக்கொண்டாள்.

பிரிக்கத் தொடங்கினோம். பாதி 76,092. அதில் பாதி 38,046. அதில் பாதி 19,023. இனி இரண்டு போகாது. இலக்கங்களைக் கூட்டினால் 15, மூன்றால் வகுபடும்: 6,341. இங்கே நின்றது. ஏழால் வகுத்தால் மீதி ஆறு. பதினொன்றும் போகவில்லை, பதின்மூன்றும் போகவில்லை. பதினேழு சரியாகப் போனது, ஈவு 373. அந்த 373ஐ 19 வரைக்கும் உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தோம். எதற்கும் அசையவில்லை. இருபதை இருபதால் பெருக்கினாலே நானூறு, அதற்கு மேல் பார்க்கத் தேவையில்லை.

ஆக, 1,52,184 = 2 × 2 × 2 × 3 × 17 × 373.

மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் மொத்தம் 32. தன்னைத் தவிர்த்து மற்ற 31ஐயும் கூட்டினால் 2,51,736, அந்த எண்ணையே தாண்டிப் போகிறது. இப்படிப்பட்டதை மிகை எண் என்பார்கள். அதில் பெரிய அபூர்வம் எதுவும் இல்லை.

அபூர்வம் வேறு இடத்தில் இருந்தது. காரணிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், "ஆயா, மூணையும் பதினேழையும் பெருக்குனா அம்பத்தொண்ணு. 1911ல 1860 போனாலும் அம்பத்தொண்ணுதானே?" என்றாள். ஐம்பத்தொன்றால் வகுத்தோம். 2,984. மீதி இல்லை. வருடத்துக்கு 2,984 பேர், ஐம்பத்தொரு வருடம், ஓர் ஆள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

எனக்கு உடம்பு சிலிர்த்தது உண்மை. ஆனாலும் கணக்கு சொல்லிக்கொடுத்தவள் அதோடு விட்டுவிட முடியாது. நவம்பர் 1860 முதல் ஜூலை 1911 வரை முழுதாக 51 வருடம் ஆகவில்லை, ஐம்பது வருடமும் எட்டு மாதமும்தான். அதைவிடப் பெரிய விஷயம், கப்பல்கள் அப்படி ஒழுங்காக வரவே இல்லை. முதல் ஆறு வருடத்தில் வந்தவர்கள் 6,445 பேர். 1866இல் காலனியின் வியாபாரம் படுத்துப்போனதால் ஆள் எடுப்பது நின்றது. 1871இல் ஊர் திரும்பிய முதல் கூட்டம் இங்கே பட்ட அடியையும் வராத கூலியையும் சென்னையில் இறங்கிச் சொன்னது. அதன்மேல் 1872இல் விசாரணைக் கமிஷன் வைத்தார்கள். 1874இல்தான் மறுபடியும் கப்பல் வந்தது. நடுவில் அத்தனை வருடம் வெறுமை. 2,984 என்ற சுத்தமான விடைக்குள் அந்த வெறுமை தெரியாது. இதை அவளிடம் சொன்னேன். முகம் கொஞ்சம் வாடியது. எண் வகுபடுவது எண்ணின் குணம், வந்தவர்களின் கதை பதிவேட்டில் இருக்கிறது, இரண்டையும் பார்க்கணும் என்றேன். (384 தடவை கப்பல் வந்தது என்பது கணக்கு. அதால் வகுத்தால் 396 போக மீதி 120. அங்கே எந்தச் சுத்தமும் இல்லை.)

எனக்குப் பிடித்துப்போனது 373. அதை இடமிருந்தும் வலமிருந்தும் ஒரே மாதிரி படிக்கலாம். அது மட்டுமில்லை. அதற்குள் இருக்கும் எந்தத் துண்டை வெட்டி எடுத்தாலும் அதுவும் பகா எண்தான்: 3, 7, 37, 73. இப்படி எல்லாத் துண்டும் பகா எண்ணாக இருக்கிற எண்களில் 373தான் கடைசி. அதற்கு மேல் கோடி வரை போனாலும் கிடையாது. எப்படித் தெரியும் என்று அவள் கேட்டாள். கண்டுபிடி என்று பென்சிலைக் கொடுத்துவிட்டேன். இரண்டு இலக்கத்தில் அப்படிப்பட்டவை நான்கே நான்கு: 23, 37, 53, 73. இவற்றை ஒன்றோடொன்று கோத்தால் மூன்று இலக்கத்தில் 237, 373, 537, 737 மட்டும் கிடைக்கும். 237ம் 537ம் மூன்றால் வகுபடும். 737 என்பது பதினொன்றும் அறுபத்தேழும் பெருக்கியது. மிஞ்சுவது 373. நான்கு இலக்கத்துக்குப் போகவேண்டும் என்றால் முதல் மூன்று இலக்கமும் 373ஆக இருக்கவேண்டும், கடைசி மூன்று இலக்கமும் 373ஆக இருக்கவேண்டும். முதலாவது அப்படி இருந்தால் இரண்டாவது ஏழில் தொடங்கிவிடும். ஆகவே முடியாது. முடிந்தது. ஒரு மெழுகுவத்தி பாதி கரைவதற்குள் பதினாலு வயசுப் பிள்ளை இதைச் செய்து முடித்தாள். கரண்ட் வந்தும் நாங்கள் விளக்குப் போடவில்லை.

அவர்கள் எல்லோரையும் ஒரு மைதானத்தில் வரிசையாக நிற்கவைத்தால் எப்படி நிற்பார்கள் என்றும் பார்த்தோம். 390 வரிசை, வரிசைக்கு 390 பேர் என்று சதுரமாக நிறுத்தினால் 84 பேர் வெளியே நிற்பார்கள். யாரையும் வெளியே விடாமல் நிறுத்தவேண்டுமானால், சதுரத்துக்கு மிக நெருக்கமான அமைப்பு 373 வரிசை, வரிசைக்கு 408 பேர். அவளுக்கு இதுதான் பிடித்தது, யாரும் வெளியே நிற்காதது.

இவ்வளவு நேரம் மொத்தத்தைப் பார்த்தோம். ஆனால் எங்கள் ஊரில் 1,52,184 என்பது வெறும் கூட்டுத்தொகை இல்லை. வந்து இறங்கிய ஒவ்வொருவருக்கும் வரிசையாக ஓர் எண் போட்டார்கள். காலனியல் நம்பர் என்போம். கைக்குழந்தைக்கும் உண்டு. கப்பல் பட்டியலில் எண், பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுக்கா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு எல்லாம் எழுதியிருக்கும். அப்புறம் பாஸ் என்ற அனுமதிச் சீட்டு, கல்யாணம், பிறப்பு, சாவு எதுவானாலும் அந்த எண்தான் முதலில் வரும். பெயரை இங்கிலீஷ் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதினான். கவுண்டர் கோவெண்டர் ஆனது, முதலி மூட்லி ஆனது. அண்ணனுக்கு ஒரு எழுத்துக்கூட்டு, தம்பிக்கு வேறு எழுத்துக்கூட்டு. எண் மட்டும் மாறவில்லை. மனிதனை எண்ணால் கூப்பிட்டது அவமானம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இன்று எங்கள் ஆட்களைத் தேடிப் போகிறவர்களுக்குக் கையில் பிடிக்கக் கிடைப்பதும் அந்த எண்தான்.

"நம்ம தாத்தாவோடது பிரைமா?" என்று அவள் அடுத்துக் கேட்பாள் என்று எனக்குத் தெரியும்.

என் பூட்டனார் 1890களின் நடுவில் வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர். வெஸ்ட்வில்லில் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையம் கப்பல் பட்டியல்களைக் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறது; அவருடைய வரியை நான் பல வருடங்களுக்கு முன்பே எடுத்து வைத்திருந்தேன். எண்ணை இங்கே எழுதவில்லை. அது எங்கள் வீட்டுக்குள் இருக்கட்டும். ஐந்து இலக்கம். ஓர் எண் பகா எண்ணா என்று பார்க்க அதன் வர்க்கமூலம் வரைக்கும் உள்ள பகா எண்களால் வகுத்தால் போதும். இந்த நாட்டுக்கு வந்த கடைசி ஆளின் எண்ணுக்குக்கூட 77 தடவைக்கு மேல் வகுக்க வேண்டாம். பூட்டனாருடையதற்கு ஐம்பதுக்குச் சற்று மேல். மறுநாள் சாயங்காலம் உட்கார்ந்து கையாலேயே வகுத்தோம். கால்குலேட்டரை எடுக்க அவள் விடவில்லை. எதுவும் போகவில்லை. பகா எண்.

அதிசயம் இல்லை. 1,52,184 வரைக்கும் ஏறக்குறைய 14,000 பகா எண்கள் இருக்கின்றன. அதாவது பதினோரு பேரில் ஒருவருக்கு அப்படி ஓர் எண் விழுந்திருக்கும்.

அப்புறம் பட்டியலின் அடுத்த வரிகளையும் எடுத்தேன். ஒரே குடும்பமாக வந்தவர்களுக்கு எண்கள் அடுத்தடுத்து வரும். பூட்டனாருக்கு அடுத்தது பூட்டி. அதற்கும் அடுத்த வரியில் ஒரு பெண் குழந்தை, பத்து மாதம். எங்கள் தாத்தாவுக்கு ஓர் அக்கா இருந்தாள் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. தாத்தா இங்கே பிறந்தவர். அவர் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. அவருக்கே தெரிந்திருக்குமா என்றும் சொல்ல முடியாது. தோட்டத்துச் சாவுப் பதிவில் அந்தக் குழந்தை மறுபடியும் வருகிறது, வந்த இரண்டாவது வருடத்தில். அங்கே பெயர் இல்லை. எண்ணும், குழந்தை என்ற சொல்லும் மட்டும்.

பேத்தி ஒன்றும் பேசாமல் அந்த எண்ணை உறையில் எழுதி வகுக்கத் தொடங்கினாள். நான் டீ போட எழுந்தேன். திரும்பி வந்தபோது, "இதுவும் பிரைம், ஆயா" என்றாள்.

இரண்டு வித்தியாசத்தில் நிற்கும் இரண்டு பகா எண்களை இரட்டைப் பகா எண்கள் என்பார்கள். 11, 13. 17, 19. 41, 43. எண்கள் பெரிதாகப் பெரிதாக இவை அரிதாகிக்கொண்டே போகும், ஆனால் முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்குமா என்பதை இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை. 2013இல் யிடாங் சாங் என்ற கணித அறிஞர், ஏழு கோடிக்குக் குறைவான இடைவெளியில் பகா எண் ஜோடிகள் முடிவில்லாமல் வரும் என்று நிரூபித்தார். அந்த ஏழு கோடியை மற்றவர்கள் சேர்ந்து 246 வரைக்கும் இறக்கிவிட்டார்கள். இரண்டுக்கு இன்னும் வரவில்லை.

அப்பாவும் பெண்ணும் இரட்டைப் பகா எண்கள். நடுவில் அம்மா. அந்த நடு எண்ணைப் பற்றி நிச்சயமாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. அடுத்தடுத்த மூன்று எண்களில் ஒன்று மூன்றால் வகுபட்டே தீரும்; இரு பக்கமும் உள்ளவை பகா எண்கள் என்பதால் அது நடுவில் இருப்பதுதான். அது இரட்டைப்படையும்கூட. ஆகவே ஆறால் வகுபடும். இரட்டைப் பகா எண்களுக்கு நடுவில் இருக்கும் எண் எப்போதும் ஆறின் மடங்கு (3, 5 என்ற முதல் ஜோடியைத் தவிர). பூட்டியின் எண்ணைப் பிரித்துப் பார்த்தோம். அப்படியே இருந்தது. அடுத்தடுத்த எண்கள் என்பதால், அவளுடைய எண்ணுக்கும் மற்ற இருவருடையதுக்கும் ஒன்றைத் தவிர வேறு பொதுக் காரணி கிடையாது.

எனக்கு எண் ஜோதிடத்தில் நம்பிக்கை இல்லை. துறைமுகத்தில் உட்கார்ந்திருந்த குமாஸ்தா பகா எண் பார்த்து எழுதவில்லை. வரிசையில் இரண்டு பேர் முன்னால் நின்றிருந்தால் எல்லாம் மாறியிருக்கும். இதற்கு அர்த்தம் தேட நான் வரவில்லை. ஆனால் ஒருவரைப் பற்றி மிஞ்சியிருப்பது ஓர் எண் மட்டும்தான் என்றால், அந்த எண்ணை முழுசாகத் தெரிந்துகொள்வது நம்மால் செய்யக்கூடிய ஒரு காரியம். அந்தக் குழந்தைக்கு வேறு யாரும் எதுவும் செய்யவில்லை.

கூலிக் கணக்கையும் அன்றே போட்டோம், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆம்பிளைக்கு முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங், வருடத்துக்கு ஒரு ஷில்லிங் ஏறி ஐந்தாம் வருடம் 14. பத்தும் பதினாலும், பதினொன்றும் பதின்மூன்றும், நடுவில் பன்னிரண்டு, கூட்டினால் 60. பன்னிரண்டு மாதத்துக்கு 720. இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு. ஒரு பிடித்தமும் இல்லாமல் கைக்கு வந்தால் ஐந்து வருட உழைப்புக்கு 36 பவுண்டு. 1895இல் போட்ட சட்டம், ஒப்பந்தம் முடிந்தும் இந்த மண்ணில் இருக்க நினைத்தால் வருடத்துக்கு 3 பவுண்டு வரி கட்டு என்றது. அறுபது ஷில்லிங். மாதத்துக்குச் சராசரி 12 ஷில்லிங் என்று வைத்தால் ஐந்து மாதச் சம்பளம். 1913இல் எங்கள் ஆட்கள் வேலைநிறுத்தம் செய்து, சிறைக்குப் போய், 1914இல்தான் அந்த வரி போனது.

டிசம்பர் 6 கார்த்திகை தீபம். எங்கள் வீட்டில் 108 அகல் இருக்கிறது, அம்மா சேர்த்து வைத்தது. பேத்தி காலையிலேயே வந்துவிட்டாள். அவள் கையில் ஒரு தாள்.

அந்தப் பதினைந்து நாளில் அவள் தானாக ஒன்றைத் தோண்டியிருந்தாள். விளக்குகளை முதல் வரிசையில் ஒன்று, அடுத்ததில் இரண்டு, அடுத்ததில் மூன்று என்று முக்கோணமாக வைத்தால் வரும் எண்கள் முக்கோண எண்கள். வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு விளக்கு என்று 1,52,184 விளக்கை இப்படி வைத்தால் 551 வரிசை வரும். கடைசி வரிசையில் மட்டும் 551 விளக்கு. சாணுக்கு ஒன்றாக வைத்தாலும் நூற்று இருபது மீட்டருக்கு மேல் நீளும். அது வரைக்கும் 1,52,076. மீதி எவ்வளவு என்று கழித்துப் பார்க்கச் சொன்னாள். கழித்தேன். 108.

பத்தொன்பது வயதில் காஸ் என்ற கணித மேதை தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தது எனக்கு நினைவுக்கு வந்தது. 1796 ஜூலை 10. எந்த முழு எண்ணையும் மூன்று முக்கோண எண்களுக்குள் அடக்கிவிடலாம் என்று கண்டுபிடித்த அன்று, யுரேகா (கண்டுபிடித்துவிட்டேன்) என்று கிரேக்க எழுத்தில் எழுதி, பக்கத்தில் மூன்று முக்கோணம் போட்டு வைத்தார். அப்படியானால் இந்த 108க்கு இன்னும் இரண்டே முக்கோணம் போதுமா என்று அவளைக் கேட்டேன். "வச்சுப் பாக்கலாம், ஆயா" என்றாள்.

சாயங்காலம் மழை விட்டதும் முன்வாசலைத் துடைத்தோம். படியிலிருந்து கேட் பக்கமாக ஒன்று, இரண்டு, மூன்று என்று வைத்துக்கொண்டே போனாள். நான் பின்னால் எண்ணெய் ஊற்றித் திரி போட்டேன். பதினாலாவது வரிசை முடிந்தபோது 105. தட்டில் மூன்று அகல் மிச்சம் இருந்தது.

மூன்றும் முக்கோண எண்தான். ஒன்றும் இரண்டும்.

அவள் அதை முக்கோணமாக வைக்கவில்லை. வாசற்படியில் ஒரே வரிசையில் வைத்தாள், நடுவில் இருந்ததைச் சற்று உள்ளே தள்ளி. பத்து மாதக் குழந்தைக்கு என்று கடைசி அகலில் அவளே எண்ணெய் ஊற்றினாள். நான் தீப்பெட்டியை அவளிடம் கொடுத்தேன்.